பாறைக்குழி முனியப்பன்

பாறைக்குழி முனியப்பனுக்கு முதல் பொட்டு வைத்தவர் இசக்கிமுத்து. சாமி கும்பிடாத மனிதர். அந்த வேலைக்கு அவரைப் பிடித்ததே அதற்காகத்தான். கால்பந்துக் கழகத்தில் மற்றவர்கள் எல்லோரும் பக்திமான்கள். ஒரு பொய்ச் சாமியை நடுவதற்கு அவர்களுக்கு உதறல் எடுத்தது. பொய் என்று தெரிந்தே, தாங்களே கூடிப் பேசி முடிவு செய்துவிட்டு, அதற்கும் பயந்தார்கள். ஒருவர் தான் பிள்ளைகுட்டிக்காரன் என்றார். இன்னொருவர் மாலை போட்டிருப்பதாகச் சொல்லி நழுவினார்.

"இசக்கிக்குத்தான் சாமியே கெடையாதே. அவரு வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க" என்றது ஒரு குரல்.

"அப்படி ஆனா எனக்குத்தான ஆகும், உங்களுக்கு என்ன?" என்றார் இசக்கிமுத்து. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக மஞ்சள் தட்டு அவர் கைக்கு வந்துவிட்டது.

அந்த இடம் முதலில் கல்லுடைத்த குழி. அவிநாசிபாளையம் போகிற பாதையில் நூல் மில் கட்டியபோது அதன் சுவர்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் கல் வந்தது. மில் எழுந்தது, குழி மிஞ்சியது. எழுபதுகளில் மில் தொழிலாளர்கள் பந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று முதலாளியிடம் போய் நின்றார்கள். "அந்தப் பாறைக்குழிய எடுத்துக்கங்கடா" என்றார் அவர். கேலியாகச் சொன்னாரா, கொடையாகச் சொன்னாரா என்பது அன்றைக்கே யாருக்கும் விளங்கவில்லை. எழுத்தில் கொடுங்கள் என்று எவரும் கேட்கவில்லை. முதலாளி வாயால் சொன்னதைக் காகிதத்தில் கேட்பது அவரைச் சந்தேகிப்பது போல ஆகிவிடும் என்று நினைத்தார்கள். உழைக்கிறவனின் மரியாதை எப்போதும் இப்படித்தான் அவன் கழுத்துக்கே வந்து முடியும்.

பாய்லர் சாம்பலையும் செம்மண்ணையும் தலையில் சுமந்து கொட்டி அந்தக் குழியைத் தரையாக்கினார்கள். மூன்று பக்கமும் வெடி வைத்துப் பிளந்த பாறை படிப்படியாக இறங்கியிருந்தது. அதைச் செதுக்கி உட்காரும் இடமாக்கினார்கள். நான்காவது பக்கம் மட்டும் திறப்பு. கோயம்புத்தூரிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் அணிகள் வந்து ஆடின. கோல் விழுந்தால் கூட்டத்தின் கத்தலைப் பாறை வாங்கித் திருப்பிக் கத்தும். எந்த அரசும் கட்டிக்கொடுக்காத ஸ்டேடியம். தொழிலாளர்கள் தங்கள் முதுகைக் கொண்டு கட்டியது.

தொண்ணூறுகளில் மில் மூடப்பட்டது. ஆட்டம் நிற்கவில்லை. மில்காரர்கள் போய்ப் பனியன் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிங் செக்‌ஷனும் அயர்ன் செக்‌ஷனும் மோதிக்கொண்டன. மதுரைக்காரனும் ஒரிசாக்காரனும் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள்.

இசக்கிமுத்து அயர்ன் செக்‌ஷன். தெற்கே கரிசல் காட்டு ஊரிலிருந்து வந்தவர். அந்த ஊரில் மேலத்தெரு வழியாகப் போவதென்றால் அவர் தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும். அவருடைய அப்பாவைப் பாம்பு கடித்த அன்று, ஆஸ்பத்திரிக்குத் தூக்காமல் கோயிலுக்கு எதிரே கிடத்தி வேப்பிலை அடித்தார்கள். வாசலில்கூட இல்லை, அவர் தெருக்காரர்கள் வரலாம் என்று விதித்திருந்த தூரத்தில். அப்பா பிழைக்கவில்லை. அன்றோடு இசக்கிமுத்துவின் பக்தி முடிந்தது.

மைதானத்தில் அவர் கோல் காக்கிற கோலி. கோலி கத்தினால் முன்னால் நிற்கிறவன் கேட்டாக வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். "லெஃப்ட்ல ஆளு வாரான் பாரு! ஏய், நின்னுக்கிட்டே தூங்குதியா?" என்று அவர் அதட்டுவார். தோட்டமும் கிணறும் உள்ள வீட்டுப் பையன் "சரிங்கண்ணா" என்று ஓடுவான். ஊரில் எந்தத் தெருவில் நின்று அவர் அப்படி அதட்ட முடியும்? வாரமெல்லாம் நீராவிக்குள் குனிந்து நின்ற உடம்பு அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிமிர்ந்தது. அந்தக் குழியில் அவருக்கு இருந்த சொத்து அந்த நிமிர்வு ஒன்றுதான். மைதானம் போனால் அதுவும் போகும்.

ஓரத்தில் ஒரு மோட்டார் ரூம் இருந்தது. தரைக்குத் தண்ணீர் விட்டு, கோடு போட்டுப் பார்த்துக்கொள்வதற்காகக் கழகம் அதை அவருக்குக் கொடுத்திருந்தது. அவரும், பனியன் செக்கிங்கில் நூல் பிசிறு வெட்டப் போகிற மனைவி சின்னத்தாயும் அங்கேயே குடியிருந்தார்கள்.

2004 வாக்கில் பழைய முதலாளியின் மகன் சண்முகவேல் அந்த இடத்தில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி கட்டப்போகிறார் என்று செய்தி வந்தது. கழகத்தின் செயலாளர் சாமியப்பன் எல்லோரையும் பாறைப் படியில் கூட்டினார். சாமியப்பன் பழைய மில் தொழிலாளி. இப்போது சொந்தமாகக் கொஞ்சம் தையல் மிஷின் போட்டு, கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறவர்.

"கோர்ட்டுக்குப் போலாம் அண்ணாச்சி. இத்தன வருசமா நாமதான ஆடுதோம், ஊரே சாட்சி" என்றார் இசக்கிமுத்து.

"கோர்ட்டுக்குப் போனா என்ற பேரன் காலத்துல தீர்ப்பு வரும், தம்பி. சாமிகிட்டப் போனா நாளைக்கே வந்துரும்."

"எந்தச் சாமி?"

"எந்தச் சாமியோ ஒண்ணு. ஒரு கல்ல நட்டு மஞ்சளப் பூசி, முனியப்பன்னு சொல்லிப்போடலாம். எவன் கை வெப்பான்?"

"பொய்யி அண்ணாச்சி."

"பொய்தான். ஏன், அவங்கப்பன் குடுத்த வாக்கு மட்டும் நெசமா இருந்துச்சா?"

தரையை உருட்டும் கல் உருளை முன்பே இரண்டாக உடைந்து பாறையோரம் கிடந்தது. அதில் ஒரு துண்டைப் புரட்டிக்கொண்டு வந்து, வண்டி நுழையக்கூடிய அந்த ஒரே திறப்பில் வட்ட முகம் வெளியே பார்க்க நட்டார்கள். இரும்பு அச்சு போன ஓட்டை நடுவில் தெரிந்தது. அதை மறைத்துச் சிவப்புத் துணி கட்டினார்கள். இசக்கிமுத்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து முன்னால் வைத்தபோது, பின்னால் நின்ற கழகத்தார் கையைக் குவித்திருந்தார்கள். திரும்பிப் பார்த்த இசக்கிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. நடும்போதே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள்!

ஜேசிபி வந்தது. வண்டியின் டிரைவர் கல்லைப் பார்த்தார். இறங்கினார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பிவிட்டார். படிகளில் நின்றவர்கள் போட்ட கூச்சலில் பாறை அதிர்ந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை போல ஆட்டம் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடக்கவில்லை.

சின்னத்தாய்க்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "ஒரு பொய்யச் சொல்லிட்டீய. இனி அதுக்குத் தெனமும் சோறு போடணும், பாத்துக்கிடுங்க" என்றாள்.

அப்படியே ஆயிற்று. கல்லை நட்டுவிட்டு விளக்கு வைக்காமல் விட்டால் பொய் வெளுத்துவிடும். ஆகவே தினமும் கற்பூரம். செவ்வாய் வெள்ளி பூசை. யார் செய்வது? பொட்டு வைத்த கைதான் செய்ய வேண்டும் என்றார்கள். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை என்று இருந்தது, கூட்டம் வரத் தொடங்கியதும் போதவில்லை. அயர்ன் வேலையை விடச் சொன்னார் சாமியப்பன். "மைதானத்துக்காகத்தான, தம்பி. சித்தெ பொறு." ஞாயிறு போக ஆறு நாளும் அவர் திருநீறு கொடுத்தார். வயிற்றுவலிக்காரர்களுக்குக் கொடுத்தார். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். டாலர் ஏறினால் முனியப்பன் அருள், இறங்கினால் முனியப்பன் கோபம். ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இசக்கிமுத்துவுக்கு அப்பாவின் முகம் வந்துவிட்டது. "இங்க ஒண்ணும் இல்ல தாயி. ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று கத்தினார். அவள் ஓடினாள். குழந்தை பிழைத்தது. மறுவாரம் அவள் கிடாயோடு வந்து நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உத்தரவு கொடுத்ததே முனியப்பன்தானாம்!

அன்று அவர் சின்னத்தாயிடம் சொன்னார்: "வாய மூடினாலும் சாமியாவுது. வாயத் தொறந்தாலும் சாமியாவுது. நான் என்னதான் செய்ய?"

"பந்தப் பிடிங்க. அத மட்டும் விட்ராதீய" என்றாள் அவள்.

சண்முகவேல் ஒருநாள் காரில் வந்தார். கழகத்தார் சண்டைக்குத் தயாராக நின்றார்கள். அவரோ வெறுங்காலோடு இறங்கி, கல்லின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது கண்ணில் நீர். அது நடிப்பா, நிஜமா? இரண்டும் இல்லை. தனக்கு ஆதாயமான இடத்தில் பக்தி பெருகுவது பணக்காரர்களுக்கு இயல்பு, அவர்கள் அதற்காக நடிக்க வேண்டியதே இல்லை.

"சாமி எங்க பூமியத் தேடி வந்துருக்குதுங்க. வெயில்லயும் மழைலயும் விட்டா அடுக்குமுங்களா? கோயில் கட்டிப்போடறேன். செலவு பூரா நானே பாத்துக்கறேன்" என்றார்.

எங்க பூமி. அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிட்டது. இசக்கிமுத்து சாமியப்பனைப் பார்த்தார். சாமியப்பன் தரையைப் பார்த்தார். இது சாமி இல்லை என்று சொன்னால் நாளைக்கே ஜேசிபி வரும். சாமிதான் என்றால் கோயில் வரும். இரண்டு கதவையும் தாங்களே உள்ளிருந்து சாத்திக்கொண்டிருந்தார்கள்.

பூமி பூசை நாளில் படிகளெல்லாம் கூட்டம். மேளம் ஓய்ந்த இடைவெளியில் இசக்கிமுத்து முன்னால் வந்தார். கோல் கம்பத்தடியில் நின்று கத்துகிற அதே குரலில் கத்தினார்.

"எல்லாரும் கேளுங்க! இது சாமி இல்ல. தரை உருட்டுத உருளை. உடைஞ்சு கெடந்தத நாங்கதான் நட்டோம். நான்தான் பொட்டு வச்சேன்!"

சிவப்புத் துணியை இழுத்துப்போட்டார். "இந்தா பாருங்க ஓட்டை. இரும்புக் கம்பி போன ஓட்டை!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியாத்தாள் என்ற கிழவி உடம்பு நடுங்கி எழுந்தாள். "தொப்புள்! அய்யோ, சாமி தொப்புளக் காட்டிருச்சே!" என்று அலறிக்கொண்டு ஆடத் தொடங்கினாள். குலவைச் சத்தம் எழும்பியது. பாறை அதை மூன்று பக்கமும் வாங்கித் திருப்பிக் கொடுத்தது.

இசக்கிமுத்து கழகத்தாரைப் பார்த்துக் கெஞ்சினார். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. உருளையத் தூக்குனது நீங்கதான!"

சாமியப்பன் நெற்றியில் புதிதாகச் சந்தனம் இருந்தது. கோயில் கமிட்டியில் அவர் பெயரும் சேர்ந்திருந்தது. "நாம தெரியாமத் தூக்குனோம், தம்பி. சாமி தெரிஞ்சு வந்துச்சு" என்றார்.

சண்முகவேல் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் இசக்கிமுத்துவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஏனுங்க, அவரத் திட்டாதீங்க. நம்பாதவன் கையால வெளிப்படறதுதாங்க சாமியோட வெளையாட்டு" என்று கூட்டத்துக்குச் சொன்னார். "வெளையாட்டுன்னதும் ஞாபகம் வருது. கெழக்கோரத்துல கொஞ்சம் எடம் விட்டுப்போடறேன். ஞாயித்துக்கெழமை பசங்க ஆடிக்கட்டும்."

அந்த ஓரத்துக்காகத்தான் இசக்கிமுத்து ஊரைவிட்டுப் போகவில்லை. கோயில் எழுந்தது. முனியப்பன் ஸ்ரீ முனீஸ்வர சுவாமி ஆனார். சுருட்டு நின்றது. கிடாய் நின்றது. சர்க்கரைப் பொங்கல் வந்தது. காட்டில் நிற்கிற சாமிக்கு எந்தக் கை பூசை செய்தாலும் ஆகும், கூரை போட்டுவிட்டால் கைக்குச் சாதி வந்துவிடும். வெளியூரிலிருந்து குருக்கள் வந்தார். கும்பாபிஷேகத்தன்று இசக்கிமுத்து முதல் படியில் கால் வைத்தபோது சாமியப்பன் மெதுவாகக் கையைப் பிடித்தார்.

"நீ அங்கயே நின்னு கும்பிட்டுக்க, தம்பி. வெசனப்படாதே."

"நான் எதுக்குக் கும்பிடப் போறேன்? நம்ம உருளை எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"வாய் மட்டும் கொறையாது உனக்கு" என்றார் சாமியப்பன். பிடித்த கையை அவர் விடவில்லை.

மோட்டார் ரூமின் முன்பக்கம் பக்தர்களின் செருப்பு வைக்கும் இடமாயிற்று. செருப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அவரையே வைத்தார்கள். தன் செருப்பைக் கையில் பிடித்து நடந்த ஊரிலிருந்து தப்பி வந்த மனிதர் ஊரார் செருப்பையெல்லாம் கையில் வாங்கி அடுக்கினார். ஞாயிறு மட்டும் கிழக்கோரம். அதுவும் சுருங்கியது. மண்டபம் கொஞ்சம் எடுத்தது, வாகனம் நிறுத்தும் இடம் கொஞ்சம் எடுத்தது. ஒரு பக்கம் மட்டும் கோல் கம்பம் வைத்து ஆடும் அளவுக்கு இடம் மிஞ்சியது. அந்தக் கம்பங்களுக்கு நடுவில் அவர் இன்னும் கத்தினார். முன்னால் நின்றவர்கள் இன்னும் கேட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயப்பட்டறையில் வேலை செய்யும் ஒரிசா இளைஞன் ஒருவன் அடித்த பந்து, கம்பத்துக்கு மேலே பறந்து, மண்டபத்தில் குதித்து, திறந்திருந்த கருவறைக்குள் உருண்டு போய்விட்டது. உள்ளே தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. மணிச் சத்தம் நின்றது. ஆட்டமும் நின்றது. ஆடியவர்கள் எல்லோரும் கோலியைப் பார்த்தார்கள். கம்பத்தைத் தாண்டிப் போன பந்தைக் கோலிதானே எடுத்து வர வேண்டும்.

ஒரிசாக்காரன் தன் மொழியில் ஏதோ சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான். வேண்டாம் என்கிறான் என்பது புரிந்தது.

இசக்கிமுத்து நடந்தார். படியில் கால் வைத்தார். "ஏய், ஏய்" என்ற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. குருக்கள் சுவரோடு ஒதுங்கினார். உள்ளே வெள்ளிக் கவசம் போட்டு உருளை நின்றது. அதன் காலடியில் பந்து கிடந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு, வந்த வழியே வெளியே வந்தார். ஒருவரும் அவரை அடிக்கவில்லை. அவர் மிதித்த ஒவ்வொரு படியிலும் பின்னாலேயே குடத்துத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கோயிலில் தீட்டுக் கழிக்கச் சடங்கு நடத்தினார்கள். "தெரியாமப் பண்ணிட்டாருங்க, விட்ருங்க" என்று சண்முகவேல் பெருந்தன்மை காட்டினார். கிழக்கோரத்தில் கம்பங்களைப் பிடுங்கினார்கள். சுவர் எழும்பத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வந்த ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு இசக்கிமுத்துவிடம் வந்தார்கள்.

"என்னங்கண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க? வேற பந்து வாங்கியிருக்கலாமில்லீங்க? சித்தெ பொறுத்திருந்தா இந்த ஓரமாவது மிஞ்சியிருக்கும்."

சரிங்கண்ணா என்று ஓடிய அதே பையன்தான் சொன்னான். பறித்தவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவனிடம் கணக்குக் கேட்பது இந்த நாட்டில் சுலபம். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

"நம்ம போயிருவோம். நீங்க அயர்ன் பெட்டியத் தூக்குனா எந்தக் கம்பெனியிலயும் வேல உண்டு" என்றாள் சின்னத்தாய்.

"போனா இங்க ஒரு மைதானம் இருந்துச்சுன்னு சொல்ல ஆளில்லயே."

"இருந்து மட்டும் யாருகிட்டச் சொல்லுதீய? செருப்புகிட்டயா?"

ஆனாலும் அவர் போகவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் புதுச் சுவர். நடுவில் மோட்டார் ரூம். வெளியே போக வேண்டுமானால் கோயில் வாசல் வழியாகத்தான் போக வேண்டும், அதுவும் நடை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும்.

சுவர் காய்ந்ததும் படம் வரைய ஒருவர் வந்தார். சாயங்களைக் குழைத்து, மூங்கில் ஏணி சாத்தி, காலையிலிருந்து வரைந்துகொண்டிருந்தார். செருப்பு அடுக்கும் இடத்துக்கு நேர் எதிரே. இசக்கிமுத்து எழுந்து போய்ப் பார்த்தார். தலைப்பாகை கட்டி, மீசை முறுக்கிய ஒரு பெரிய மனிதர் நின்றார். கழுத்தில் சங்கிலி. அருகே ஒரு வெள்ளைப் பசு கல்லின்மேல் பால் சொரிந்தது. சுற்றிலும் புல்வெளி, கண்ணைப் பறிக்கும் பச்சை.

"என்னது இது?"

"தல வரலாறுங்க."

"அது யாரு, மீசக்காரரு?"

"சாமியக் கண்டுபிடிச்சவருங்க. அந்தக் காலத்துப் பண்ணாடியார், இந்தப் பூமிக்காரர்."

"எந்தக் காலத்துல?"

"முன்னூறு வருசம்னு எழுதச் சொல்லியிருக்காங்க."

இசக்கிமுத்து அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லை நட்ட பழியும் இப்போது அவரிடம் இல்லை. அதையும் கழற்றி வேறொருவருக்குப் போட்டுவிட்டார்கள்.

"அந்தப் பசு நிக்குதுல்லா, அங்க ஒரு கோல் போஸ்ட் இருந்துச்சு" என்றார்.

"கோயில்லயாங்க?" என்று சிரித்தார் வரைகிறவர். தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு மேலே ஏறினார். தரை சமமாக இல்லாததால் ஏணி ஆடியது. "ஏனுங்க, சித்தெ இதப் புடிச்சுக்கங்களேன். பசுவுக்குக் கொம்பு வெச்சாத் தீந்துச்சு."

இசக்கிமுத்து இரண்டு கைகளையும் நீட்டி ஏணியைப் பிடித்தார். விட்டால் அந்த மனிதர் பாறையில் விழுவார்.